ஒற்றை அறையில் ஒரு விக்கா பீடம்

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருச்சி, இப்போது லீட்ஸில் வேலை, ஒற்றை அறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒன்றரை வருடமாகத் தனியாக விக்கா (தேவி, தேவன் என்று இயற்கையைக் கும்பிடுகிற ஒரு நவீன மதம்) பழகுகிறேன். இதுவரை ஒரு நோட்டுப் புத்தகமும், பௌர்ணமி அன்று ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்காருவதும்தான். இப்போது வீட்டில் ஒரு பீடம் அமைக்க ஆசை. எந்தத் திசை, என்னென்ன வைக்க வேண்டும்? இணையத்தில் 120 பவுண்டுக்கு ஒரு முழு செட் பார்த்தேன், வாங்கலாமா? வாடகை ஒப்பந்தத்தில் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடாது என்று இருக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய காமாட்சி விளக்கை அதில் வைக்கலாமா? இறந்துபோன பாட்டியின் படத்தையும்? ஏப்ரலில் அம்மா இரண்டு மாதம் தங்க வருகிறார். அப்போது இதையெல்லாம் எங்கே ஒளிப்பது?

பதில்:

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேசையைப் பற்றி வரிசையாகக் கேள்விகள், கடைசியில் போகிற போக்கில் அம்மா. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிக்காகத்தான் நீங்கள் எழுத உட்கார்ந்தீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். ஆனால் மேசையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் இருக்கும், அதனால் முதலில் மேசை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் விக்கா வழியில் இருப்பவள் இல்லை. மதுரைக்காரி, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற ரகம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் 18 வருடமாகச் சாப்ளின் வேலை பார்க்கிறேன் (சார்லி சாப்ளினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எந்த மதத்து மாணவர் வந்து கதவைத் தட்டினாலும் உட்கார வைத்துப் பேசுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆள், அவ்வளவுதான்). எங்கள் குழுவுக்கு அவ்வப்போது வந்து உதவும் ஒரு விக்கா பூசாரி அம்மையார் இருக்கிறார். கீழே சொல்வதில் பாதி அவரிடம் கற்றது, மீதி மாணவர்கள் செய்த கோளாறுகளிலிருந்து கற்றது.

‘ஆல்டர்’ என்பதற்குத் தமிழில் தேடினால் முதலில் ‘பலிபீடம்’ என்று வரும். அந்தச் சொல்லை அம்மாவின் காதில் போட்டுவிடாதீர்கள். விக்காவில் எதையும் பலி கொடுப்பதில்லை. நம் வீட்டுச் சாமி அலமாரியை மனதில் வைத்துக்கொண்டு இதை அமைக்கப் போனாலும் குழப்பம்தான் வரும். அலமாரியில் சாமி குடியிருக்கிறது, நாம் போய் முன்னால் நிற்கிறோம். விக்கா பீடத்தில் வேலை நடக்கிறது. எங்கள் அம்மையார் தன் பீடத்தைப் பற்றிப் பேசினால், ஒரு தச்சர் தன் பட்டறை மேசையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்: இது இடது கைக்கு எட்ட வேண்டும், அது தட்டிவிடாத தூரத்தில் இருக்க வேண்டும், நடுவில் இடம் காலியாக இருக்க வேண்டும். சடங்கு முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். அதில் தெய்வக் குற்றம் ஒன்றும் கிடையாது, அவருடைய பீடம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரு மரப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லப் போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

சரி, திசை. இந்த வழியை வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்டு கார்ட்னரின் மரபில், சடங்குக்காக வரைந்து அதற்குள் நிற்கிற வட்டம் 9 அடி விட்டம். உங்கள் அறையில் கட்டிலை வெளியே போட்டால்தான் 9 அடி கிடைக்கும், அதை மறந்துவிடுங்கள். பீடத்தைச் சிலர் வட்டத்தின் நடுவில் வைக்கிறார்கள், சிலர் வடக்கில், சிலர் கிழக்கில். பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்வது பூதங்களின் இடம்தான்: வடக்கு நிலம், கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர். நமக்கு ஐந்து, அவர்களிடம் முதலில் இந்த நான்கு, ஐந்தாவதாக ‘ஸ்பிரிட்’ என்று ஒன்று, ஆகாயம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பங்கீடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இருந்த கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்தின் வழியாக வந்தது. ஆனால் இங்கிலாந்தில் நின்று பார்த்தால் இயற்கையாகவே பொருந்துகிற மாதிரி இருக்கும். சூரியன் நடுப்பகலில் தெற்கே நிற்கிறது, வடக்குச் சுவரில் வெயில் அதிகம் படாது, மேற்கே போனால் அட்லாண்டிக். இதையே சென்னையில் செய்தால் கடல் கிழக்கே இருக்கும்! ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்கே நிற்பதால் அங்கே பலர் நெருப்பை வடக்குக்கும் நிலத்தைத் தெற்குக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே இது மாற்றவே முடியாத வாஸ்து இல்லை. உங்களுக்கு எந்தச் சுவர் காலியாக இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன மேசையைப் போடுங்கள், வடக்கோ கிழக்கோ அமைந்தால் நல்லது. ஃபோனில் திசைகாட்டி பார்க்கும்போது ரேடியேட்டர், இரும்புக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், தப்பாகக் காட்டும். ஒரே ஒரு இடத்தை மட்டும் வேண்டாம் என்பேன், ஜன்னல் விளிம்பு. திரைச்சீலை ஒரு காரணம். அதைவிட, கண்ணாடிக் கோளம் வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைத்த வீடுகள் இந்த நாட்டில் உண்டு. அமெதிஸ்ட் கல்லும் வெயிலில் வெளுத்துப்போகும்.

அந்த 120 பவுண்டு செட்டை வாங்காதீர்கள். நான் பார்த்த அத்தகைய செட்டுகளில் பாதி ரெசினில் வார்த்த பொம்மைகள், உள்ளே நெருப்பு வைத்தால் உருகுகிற கொப்பரை, யார் கையும் படாத பொருட்கள். தனியாகப் பழகுகிறவர்களுக்கு வழிகாட்டி எழுதிய ஸ்காட் கன்னிங்ஹாம் போன்றவர்களும் வீட்டில் இருப்பதை வைத்து ஆரம்பிக்கத்தான் சொன்னார்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான்: மேசைக்கு ஒரு துணி. தண்ணீருக்கு ஒரு கிண்ணம், உப்புக்கு ஒரு கிண்ணம், இரண்டும் சாரிட்டி ஷாப்பில் இரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கிண்ணமும் போதும். ஒரு கோப்பை. தேவிக்கும் தேவனுக்கும் ஆளுக்கு ஒரு அடையாளம், வழக்கமாகத் தேவி இடப்பக்கம், தேவன் வலப்பக்கம், சிலை வேண்டாம், ஒரு சிப்பியும் ஒரு ஓக் விதையும் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் பென்டக்கிள், அதாவது ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்த ஒரு வட்டத் தட்டு, மரத்துண்டில் நீங்களே வரையலாம். கோல் வேண்டுமென்றால் ரவுண்டே பார்க்கில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் குச்சி போதும், உயிருள்ள கிளையை ஒடிக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஒரு வருடம் பழகிய பிறகு கை தானாகத் தேடும்போது சேர்த்துக்கொள்ளலாம். துடைப்பம், கொப்பரை, பத்துவகைக் கல் எல்லாம் இப்போது வாங்கினால் தூசி தட்டுகிற வேலைதான் மிச்சம்.

கத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தாமே என்கிற கறுப்புக் கைப்பிடிக் கத்தி விக்காவின் முக்கியமான கருவி, இதனால் எதையும் வெட்டுவதில்லை, வட்டம் வரைவதற்கும் தண்ணீரில் உப்பைச் சேர்த்து மந்திரிப்பதற்கும்தான். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். கார்ட்னர் 1900இல், 16 வயதில், இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் போர்னியோ, மலாயா, ரப்பர் தோட்டங்கள், கடைசியில் அரசாங்க உத்தியோகம். அந்தத் தேயிலையையும் ரப்பரையும் எடுத்துக் கொடுத்த கைகளில் பெரும்பாலானவை நம் ஆட்களுடைய கைகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலாயாவில் இருந்தபோது கிரிஸ் என்கிற மலாய்க் குத்துவாள்களின் மேல் அவருக்கு ஒரு பித்து, அவற்றைப் பற்றி 1936இல் ஒரு புத்தகமே எழுதினார். மலாய்க்காரர்கள் சில கிரிஸ்களுக்குச் சக்தி உண்டு என்று நம்பியதை ஆராய்ந்த அதே மனிதர்தான், ஊர் திரும்பிய பிறகு, கத்தியை நடுவில் வைத்த ஒரு வழிபாட்டை உலகுக்கு அறிமுகம் செய்தார். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது.

உங்களுக்கு நடைமுறை விஷயம் இது. வீட்டுக்குள் கத்தி வைத்திருக்கலாம். வெளியே இல்க்லி மேட்டில் போய்ச் சடங்கு செய்யலாம் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் கதை வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தவிர வேறெந்தக் கத்தியையும் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோவது குற்றம். மதக் காரணத்தைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள், அதுவும் போலீஸ் நிறுத்திய பிறகு. தனியாகப் பழகுகிறவர் கோலையோ ஆள்காட்டி விரலையோ வைத்தே வட்டம் வரையலாம். ஏப்ரல் வரைக்கும் கத்தி வாங்காமல் இருப்பதே உத்தமம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நெருப்புக்கு வருவோம். ஒப்பந்தத்தில் கூடாது என்றால் கூடாதுதான். எங்கள் விடுதியில் ஒரு மாணவி சாம்ஹேன் என்கிற விக்கா பண்டிகை இரவில், அதாவது அக்டோபர் 31 அன்று, ‘ஒயிட் சேஜ்’ என்கிற மூலிகை இலைக் கட்டு ஒன்றைக் கொளுத்தினாள். அலாரம் அடித்து நான்கு மாடியும் காலி, பைஜாமாவோடு எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டு வாசலில், அவள் மட்டும் அழுதுகொண்டு. கட்டாகக் கட்டி விற்கிற அந்த ஒயிட் சேஜைக் கொளுத்திப் புகை போடுவது கலிபோர்னியப் பூர்வகுடிகளுடைய வழக்கம். விக்காவுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. காட்டில் திருட்டுத்தனமாகப் பறித்து விற்கிறார்கள் என்று அங்கே பெரிய வருத்தம் இருக்கிறது. அதை வாங்காதீர்கள். காற்றுக்கு அடையாளமாக ஒரு பறவை இறகு, மணி, இல்லையென்றால் கொஞ்சம் காய்ந்த ரோஸ்மேரியைக் கையில் கசக்கி வைத்தால் மணமும் வரும், புகையும் வராது. நெருப்புக்குப் பாட்டரியில் எரியும் சின்ன விளக்குகள். “பாட்டரி விளக்கை வைத்தால் தேவி கோபித்துக்கொள்வாளா” என்று எங்கள் அம்மையாரிடம் கேட்டேன், “வீட்டுக்காரர்தான் கோபித்துக்கொள்வார், மெழுகுவர்த்தி வைத்தால்” என்றார். சாம்பிராணிக்குப் போடுகிற உருண்டைக் கரி வில்லைகளை மட்டும் அந்த மூடிய அறையில் எந்தக் காரணத்துக்காகவும் கொளுத்தாதீர்கள், அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

இப்போது காமாட்சி விளக்கு. என் கருத்து, அதைப் பீடத்தில் வைக்க வேண்டாம். விக்காவில் இந்துத் தெய்வங்களை வைக்கிறவர்கள் நிறைய உண்டு, காளி சிலை இல்லாத விக்கா கடையை நான் பார்த்ததில்லை, அப்படிப் பார்த்தால் அவர்களைவிட உங்களுக்கு உரிமை அதிகம்தான். ஆனால் அது கடையில் வாங்கிய அம்மன் பொம்மை இல்லையே. நீங்கள் அதை ஏற்றுவீர்கள் என்று நம்பி, துணியில் சுற்றி, அம்மா கொடுத்தனுப்பியது. அதற்கென்று நியமங்கள் இருக்கின்றன, எண்ணெய், திரி, எந்தக் கிழமை, எந்த நாட்களில் தொடக் கூடாது என்று. விக்காவில் மாதவிலக்குக்குத் தீட்டு கிடையாது, அந்த நாட்களிலும் சடங்கு செய்யலாம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் ஒவ்வொரு மாதமும் யாருடைய நியமம் என்று உங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கும். விளக்கு தனியாக இருக்கட்டும், சமையலறை ஓரத்தில் ஒரு சின்னப் பலகை போதும். ஏற்ற முடியாவிட்டாலும் வெள்ளிக்கிழமை துலக்கிப் பொட்டு வையுங்கள். உங்களுக்கு இன்னமும் அவளைக் கும்பிடத் தோன்றினால் கும்பிடுங்கள், தோன்றாவிட்டால் அதை அம்மாவின் பொருளாகப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டில் எது என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை, உங்களுக்கும் இன்னும் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன், அவசரமும் இல்லை.

பாட்டி படம் இதைவிடச் சுலபம், ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் வீடுகளில் இறந்தவர் படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து மாட்ட மாட்டார்கள். விக்காவில் சாம்ஹேன் சமயத்தில் முன்னோர் படத்தைப் பீடத்திலேயே வைப்பார்கள், அவர்களுக்கென்று தட்டில் உணவு வைப்பார்கள், அமாவாசைப் படையல் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது. அம்மா வந்து பார்க்கும்போது பீடத்தில் பாட்டியின் படம் ஒரு நட்சத்திரத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், அவருக்கு நட்சத்திரம் பெரிதாகப் படாது, படம் இருக்கிற இடம்தான் உறுத்தும். ஆகவே வருடம் முழுக்க வேறு சுவரில் வையுங்கள், அக்டோபர் கடைசியில் மட்டும் எடுத்து வாருங்கள்.

அம்மா. ஒளிப்பது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை அறையில் இரண்டு மாதம் தங்குகிற தமிழ் அம்மாவிடமிருந்து எதையும் ஒளிக்க முடியாது. மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்குவார். அங்கே உப்பும், குச்சியும், நட்சத்திரம் வரைந்த தட்டும், புரியாத எழுத்தில் ஒரு நோட்டும் துணியில் சுற்றிக் கிடந்தால் அவருக்கு ஒரே ஒரு சொல்தான் தோன்றும், அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. திருச்சியில் யாரிடமாவது கேட்டு, எலுமிச்சம்பழம், தாயத்து என்று ஆரம்பித்துவிடும். ஒளித்ததுதான் அதைச் சூனியமாக மாற்றும்.

அதனால் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, ஃபோனில், ஒரு சாதாரண நாளில் சொல்லிவிடுங்கள். ‘விட்ச்’ என்ற சொல்லில் ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சொல்லைப் பெருமையாக எடுத்துக்கொண்டதற்கு இங்கிலாந்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, 1951 வரைக்கும் இங்கே 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அமலில் இருந்தது, அது ஒழிந்த பிறகுதான் 1954இல் கார்ட்னர் தன் வழியைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதினார், ஆனால் இதெல்லாம் முதல் ஃபோன் காலில் எடுபடாது. “பௌர்ணமிக்குப் பௌர்ணமி உட்கார்ந்து நிலாவையும் பூமியையும் கும்பிடுறேன் அம்மா, இங்கே ஒரு வழி இருக்கு, யாருக்கும் கெடுதல் நினைக்கக் கூடாதுங்கறதுதான் அதுல முதல் பாடம்” என்று சொல்லலாம். அதில் ஒரு பொய்யும் இல்லை. மேசையைப் படமெடுத்து அனுப்புங்கள். கத்தி இல்லாத, மண்டையோடு இல்லாத, ஒரு துணியும் இரண்டு கிண்ணமும் சிப்பியும் உள்ள மேசை. சின்னதாக ஆரம்பிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிசாசைக் கும்பிடுகிறாயா என்று கேட்டால், விக்காவில் சாத்தான் என்றே ஒருவர் கிடையாது என்று சொல்லுங்கள், அது உண்மை. ஊர் பேசும் என்றால், 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதியிருக்கிறார்கள், பேகன் (இப்படிப்பட்ட இயற்கை வழிபாடுகளுக்கான பொதுப்பெயர்) என்று எழுதியவர்கள் சுமார் 74,000 பேர், நீ ஒருத்தி மட்டும் தனியாகப் பைத்தியம் ஆகிவிடவில்லை என்று காட்டலாம்.

அழுவார். ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். அந்த ஒரு வாரம் பிப்ரவரியில், அவர் திருச்சியில் இருக்கும்போது நடப்பது நல்லதா, ஏப்ரலில் ஒரே அறையில் இருவரும் அடைபட்டுக் கிடக்கும்போது நடப்பது நல்லதா என்று யோசியுங்கள். ஒருவேளை உங்கள் வீட்டு நிலவரம் நான் நினைப்பதைவிடக் கடினமாக இருந்தால், சொன்னால் அடி, வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூப்பிடுவது, அவசரக் கல்யாணம் என்று போகும் என்றால், நான் சொன்னதை விட்டுவிடுங்கள். அப்போது இந்த இரண்டு மாதமும் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு நம்பகமான தோழி வீட்டில் வைத்துவிடலாம். எங்கள் அம்மையாரின் பீடம் பெட்டிக்குள்தானே இருக்கிறது என்று முன்பே சொன்னேன். பௌர்ணமி அன்று வெளியே நடந்துபோய் நிலாவைப் பார்த்துவிட்டு வந்தாலே அந்த மாதத்து வேலை முடிந்தது.

சொன்ன பிறகு, அம்மா வந்த பிறகு, மேசையைத் தொட வேண்டாம் என்று ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். துடைத்துத்தான் வைப்பார். கிண்ணங்கள் இடம் மாறியிருக்கும், துணி மடிப்புக் கலையாமல் வேறு பக்கம் திருப்பிப் போட்டிருக்கும், ஓக் விதையைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப்போட்டிருக்கலாம். சண்டை வேண்டாம், இன்னொன்று பொறுக்கிக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டேன், சடங்கு முடிந்ததும் மீதி உப்புத் தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். பூமிக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒரு மாணவி என் அலுவலக ரோஸ்மேரிக்கு ஆறு மாதம் ஊற்றினாள். சிங்க்கில் ஊற்றுங்கள்.